நாலு டிஸ்க், ரெண்டு அவுட்!

கே: கல்யாண வீடியோக்களுக்காக லினக்ஸ் மெஷினில் நாலு டிஸ்க் போட்டு ரெய்டு 5 வைத்திருக்கிறோம். கரன்ட் போய் வந்ததும் ரெண்டு டிஸ்க்கைக் காணோம். "கிரியேட் கமாண்டை இன்னொரு தடவை அடிச்சா சரியாயிடும்ண்ணே" என்கிறான் தெரிந்த பையன். அடிக்கலாமா?
– ஸ்டூடியோக்காரர், மாத்தூர்

ப: பையனுக்கு ஒரு டீ சொல்லி, கீபோர்டை விட்டு எழுப்புங்கள். டிஸ்க் வரிசை, ஒரு டிஸ்கில் சேர்ந்தாற்போல் எழுதும் துண்டின் (சங்க்) அளவு, டேட்டா தொடங்கும் இடம் – இதில் ஒன்று பழையபடி இல்லாவிட்டாலும் கிரியேட் போட்டால் உள்ளே இருப்பது கந்தல்தான். லினக்ஸில் ரெய்டைக் கட்டும் எம்டிஆட்ம் மென்பொருளின் பழைய வெர்ஷனில் கட்டியதைப் புது வெர்ஷனில் கட்டினால் தொடங்கும் இடமே மாறிவிடலாம். அதன்மேல் ரீபில்டும் ஓடினால் மணமக்கள் மறுபடி கல்யாணம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

முதலில் கேபிளையும் பவர் சப்ளையையும் மாற்றிப் பாருங்கள். அப்புறம் நாலு டிஸ்க்கையும் புது டிஸ்குகளில் அப்படியே நகலெடுங்கள். டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து முயலும். மேப் ஃபைல் கொடுத்திருந்தால், நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நம் ஏரியாவுக்கென்றே எழுதியதுபோல!

இனி எல்லாம் நகலில். எம்டிஆட்மில் எக்ஸாமின் போட்டால் ஒவ்வொரு டிஸ்க்கும் 'ஈவென்ட்ஸ்' என்று ஒரு எண் காட்டும். மூன்று டிஸ்கில் எண் நெருங்கியிருந்தால் அந்த மூன்றை வைத்து அசெம்பிள், ஃபோர்ஸ். ஒன்று மட்டும் வெகுதூரம் பின்தங்கியிருந்தால், அது பல மாதம் முன்பே கழன்றுகொண்ட ஆசாமி, சேர்க்காதீர்கள். ரெய்டு எழுந்துவிட்டால் ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்து ஃபைல்களை வெளியே எடுங்கள்.

கே: செத்த டிஸ்கில் இருந்தது மற்ற டிஸ்குகளுக்கு எப்படித் தெரிகிறது?
– கல்லூரி மாணவி, எண்ணூர்

ப: மூன்று டிஸ்கில் 1, 0, 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாவதில், மொத்த ஒன்றுகள் இரட்டைப்படையாகும்படி 0. எது ஒன்று போனாலும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். ரெண்டு போனால் ராமானுஜனே வந்தாலும் முடியாது. ரெய்டு 6-இல் இரண்டாவது கணக்கும் இருப்பதால் ரெண்டு வரை தாங்கும்.

கே: 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் ஊறிய டிஸ்க்கைக் காயவைத்து ஓட்டலாமா? ஃப்ரீசரில் வைக்கச் சொல்கிறார்களே?
– லாரி செட் கணக்காளர், மணலி

ப: ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் உள்ளே ஈரம் பூக்கும். கரன்ட் கொடுத்தால் தட்டில் ஒட்டிய சேறே கீறிவிடும். அந்த மழையில் எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்ததை மறந்துவிட்டீர்களா? ஓட்டாமல் லேபுக்கு அனுப்புங்கள்.

கே: ரெய்டு இருக்கும்போது பேக்கப் எதற்கு?
– ஆடிட்டர், ராயபுரம்

ப: தெரியாமல் ஒரு ஃபைலை அழித்தால், ரெய்டு அதை எல்லா டிஸ்கிலும் ஒழுங்காக அழித்துக் கொடுக்கும். அதற்கு! 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் தேஜான் அரசு டேட்டா சென்டர் எரிந்தபோது, வேறிடத்தில் நகல் இல்லாத 858 டெராபைட் போயிற்று. ஒரு பிரதி தாம்பரத்து மாமா வீட்டில் இருக்கட்டும்.

கே: ரெக்கவரி கடைக்காரர், "கண்டிப்பா எடுத்துடலாம் சார்" என்கிறார். நம்பலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

ப: டிஸ்க்கைப் பார்க்காமலே சொன்னாரா? வேறு கடை பாருங்கள். அசல் டிஸ்கில் எதையும் எழுதமாட்டேன் என்று எழுதி வாங்குங்கள். முழுப் பணம், ஃபைலைத் திறந்து காட்டிய பிறகு.