உளுந்தவடையின் துளை: ஓர் இடவியல் ஆய்வு

டோரஸ் என்ற சொல்லுக்கு லத்தீனில் திண்டு, மெத்தை, புடைப்பு என்றெல்லாம் பொருள். தூணின் அடியில் உருண்டு ஓடும் விளிம்புக்குக் கட்டடக் கலைஞர்கள் அதைப் பெயராக வைத்தார்கள். பிறகு கணிதக்காரர்கள் கைக்குப் போய், காற்றடைத்த சைக்கிள் டியூபின் வடிவத்தைக் குறிக்கலாயிற்று. தமிழில் உருள்வளையம். நம் கோயில் அதிட்டானத்தில் ஜகதிக்கு மேலே, கண்டத்துக்குக் கீழே உருண்டு வருகிற குமுதத்தையும் ஆங்கிலத்தில் எழுதும் கலை வரலாற்றாளர்கள் டோரஸ் என்றே எழுதுகிறார்கள். இத்தனை கனமான இடங்களில் புழங்கிய சொல்லை நாகர்கோவில் சாயாக்கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இறக்கிப் பார்ப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் முறையியல். இடவியல் என்ற கணிதத் துறையில் உருவத்தை இழுக்கலாம், நசுக்கலாம், உருட்டலாம். கிழிக்கவும் கூடாது, ஒட்டவும் கூடாது. இவ்வளவு இம்சைக்குப் பிறகும் மாறாமல் நிற்பது துளைகளின் எண்ணிக்கை. அதனால்தான் கைப்பிடி வைத்த காப்பிக் கோப்பைக்கும் டோனட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவரே இடவியல் அறிஞர் என்று மேல்நாட்டில் ஓர் அரதப் பழசான நகைச்சுவை உண்டு. நாஞ்சில் நாட்டில் இது செல்லாது. இங்கே சாயா வருவது கண்ணாடி கிளாசில், பிடி கிடையாது. கிளாசின் குழி எவ்வளவு ஆழமானாலும் அது குழிதான், ஒரு பக்கம் விட்ட நூலை மறுபக்கம் எடுக்க முடியாது. ஆகவே சாயா கிளாஸ் என்பது கண்டிப்பாக ஒரு போண்டா. உளுந்தவடைக்கு நிகரானது வேண்டுமென்றால் தூக்குவாளியைத்தான் எடுக்கவேண்டும், மூடியைக் கழற்றி வைத்துவிட்டு.

இந்த அளவுகோலோடு கண்ணாடிப் பெட்டியை அணுகினால் பல குடும்பப் பெருமைகள் சரிகின்றன. பருப்பு வடை, போண்டா, பழபஜ்ஜி, சுகியன், வெட்டு கேக் எல்லாம் ஒரே இனம். பருப்பு வடையை ரசத்தில் ஊறப்போட்டு ரசவடை ஆக்கினாலும் சாதி மாறாது. வடை என்ற பெயரை வைத்துக்கொண்டு அது உளுந்தவடையோடு பந்தியில் உட்காருவதை இடவியல் ஏற்பதற்கில்லை. அச்சு முறுக்கின் துளைகளை அச்சின் பூவேலையைப் பார்த்து எண்ணிவிடலாம். இடியாப்பத்தை ஆய்வாளரின் உடல்நலம் கருதி விலக்கியிருக்கிறேன்.

இனி துளை ஏன் என்ற கேள்வி. வடை மாஸ்டர் ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கையைத் தண்ணீரில் முக்குகிறார். மாவை விரல்களின் மேல் எடுத்து ஒரு சுழற்று, உருண்டையாகிறது. கட்டைவிரல் நடுவில் இறங்கி ஏறுகிறது. கையைக் கவிழ்த்ததும் ஈரத்தில் வழுக்கி மாவு எண்ணெய்க்குள் போய்விடுகிறது. மாவு உப்பும்போது துளை சுருங்கும் என்பதால், வேண்டியதைவிடச் சற்றுப் பெரிதாகவே குத்துகிறார். “ஓட்டை எதுக்கு அண்ணாச்சி?” என்று கேட்டேன். “ஓட்டை இல்லேன்னா நடுவுல வேவாது வே. வெளிய கருகும், உள்ள மாவா கெடக்கும்” என்றார், திரும்பாமலே.

ஆய்வுக்கட்டுரை இதோடு நின்றால் மரியாதையாக இருக்காது. நான்காம் நூற்றாண்டு அலெக்சாந்திரியக் கணிதர் பாப்பஸின் விதியைத் துணைக்கு அழைப்போம்: குறுக்கு வெட்டின் பரப்பை அதன் மையம் சுற்றிவந்த தூரத்தால் பெருக்கினால் கன அளவு. வெளிவிட்டம் 6.5 செ.மீ., துளை 1.5 செ.மீ. உள்ள வடையைக் குறையில்லாத டோரஸ் என்று பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டால், மாவு சுமார் 62 கன செ.மீ. வருகிறது. அதே மாவை உருண்டையாகப் போட்டால் ஆரம் 2.45 செ.மீ. அதாவது உருண்டையின் நடு எண்ணெயிலிருந்து 2.45 செ.மீ. உள்ளே கிடக்கிறது, வடையில் எந்த இடமும் 1.25 செ.மீட்டருக்கு மேல் ஆழமில்லை. சூடு உள்ளே போகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உருண்டைக்கு எல்லாப் பக்கமும் சூடு வருகிற சலுகையைக் கழித்தாலும், வடை அதற்கு ஆகும் நேரத்தில் பாதிக்கும் குறைவாகவே வெந்துவிடும். மேற்பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாகக் கூடுவதால் மொறுமொறுப்பும் கூடுகிறது. போண்டா வேகவில்லையா என்று ஆட்சேபிக்கலாம். வேகிறது, சிறிதாக உருட்டித் தீயைக் குறைப்பதால்.

காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் 1989 முதல் இயக்கிவந்த ஆதித்யா டோக்கமாக் என்ற அணுக்கரு இணைவு ஆய்வுக் கருவியின் கலமும் டோரஸ்தான். அங்கே வெளியே தொடவிடாமல் சூட்டை உள்ளே நிறுத்தப் பார்க்கிறார்கள். இங்கே வெளியே இருக்கும் சூட்டை உள்ளே அனுப்பப் பார்க்கிறார்கள். இரண்டில் எது நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதை நாகர்கோவிலில் யாரும் சொல்வார்கள்.

துளையின் அடுத்த பயனைக் காணச் சுசீந்திரம் போகவேண்டும். தாணுமாலயன் கோயில் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவது தெரிந்ததே. மாலை வடை மெலிதாக இருந்தாலும் கவலையில்லை. தட்டுவது இடவியலில் குற்றமாகாது. நூல் கோத்து முடிச்சுப் போட்டதும் ஒவ்வொரு வடையும் நூலோடு சங்கிலிக் கண்ணிபோலப் பிணைந்துவிடுகிறது. நூலை அறுக்காமல் வடையைக் கழற்ற ஒரே வழி, வளையத்தை ஓரிடத்தில் கடித்துத் துண்டிப்பது. அந்தக் கணத்தில் உளுந்தவடை டோரஸ் பதவியை இழந்து போண்டா ஆகிவிடுகிறது. தின்பவர்கள் யாரும் இதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை. முதல் கடிக்குப் பிறகு உலகில் எவரும் உளுந்தவடை தின்றதில்லை என்ற தேற்றத்தை இத்துடன் பதிவு செய்கிறேன். துளையைத் தொடாமல் சுற்றிச் சுற்றிக் கொறிப்பவர்கள் விதிவிலக்கு. அவர்களோடு சாயா குடிக்கப் போகாதீர்கள்.

தீராமல் நிற்பது முந்திரிக்கொத்து. சிறுபயறும் கருப்பட்டியும் தேங்காயும் சேர்ந்த உருண்டைகளை மூன்று மூன்றாக மாவில் முக்கிப் பொரிப்பார்கள். மூன்றும் வரிசையாக ஒட்டினால் துளை இல்லை. ஒன்றையொன்று தொட்டு முக்கோணமாக நின்றால் நடுவில் ஓர் இடைவெளி விழும். மேல்மாவு அதை அடைத்தால் போண்டா, அடைக்காவிட்டால் டோரஸ். ஆகவே ஒரே டப்பாவில் இரண்டு இனமும் இருக்க வாய்ப்புண்டு. பெரியம்மை வீட்டில் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். “திங்கத் தந்தா தொளையவா எண்ணிட்டு இருக்க மக்கா?” என்று பெரியம்மை டப்பாவை மூடி உள்ளே கொண்டுபோய்விட்டதால், முடிவுக்கு வரும் அளவுக்கு மாதிரிகள் கிடைக்கவில்லை.