கடலோர விச்ராந்தி

சமுத்திர தீரத்திலே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, யாதொரு காரியமும் செய்யாமல், பிறர் ஏவும் காரியமும் இல்லாமல், அலைகள் வருவதையும் போவதையும் மாத்திரம் பார்த்துக்கொண்டு ஒரு பகற்பொழுதைக் கழிக்க வேண்டும் என்பது, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாக என் மனத்தில் குடிகொண்டிருந்த ஆசை. அதை வாய்விட்டுச் சொன்னதுதான் நான் செய்த பிழை. கும்பகோணத்திலே எங்கள் வீட்டுக் கூடத்தில் பிரஸ்தாபிக்கப்படும் எந்த ஆசையும் இரண்டு நாளைக்குள் குடும்பத்தின் பொதுச் சொத்தாகிவிடும்.

கடற்கரை என்றால் பக்கத்திலே ஒரு கோயில் இருந்தாக வேண்டும் என்றாள் என் மனைவி. தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது, குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஆம் ஆண்டிலே எழுந்தது, முன்புறத்தை அலைகளே அரித்துக்கொண்டு போய்விட்ட அளவுக்குக் கடலுக்குச் சமீபம், இதைவிடப் பக்கத்தில் வேண்டுமானால் கடலுக்குள்ளேதான் கட்ட வேண்டும் என்று நான் விளக்கினேன். எண்பதைக் கடந்த என் அத்தை, மாயவரத்தில் வண்டி மாறித் தரங்கம்பாடி ரயிலில் போவதானால் தானும் வருவதாக அறிவித்தாள். 1926-இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில் 1986-லேயே நின்றுவிட்டது என்று நான் பணிவோடு தெரிவித்தபோது, "நான் வரக்கூடாது என்பதற்காக ரயிலையே நிறுத்திவிட்டீர்களாடா?" என்று கேட்டாள். அந்தப் பழிக்கு அஞ்சி வேன் அமர்த்தப்பட்டது.

வேன் என்றதும் என் மைத்துனன் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டான். "அவ்வளவு தூரம் போய்விட்டு ஒரே ஊரையா பார்ப்பது, அத்தான்?" என்று கேட்டு, விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு இரவு பத்துக்குள் திரும்புவதாகவும், இடையிலே பூம்புகார், திருக்கடையூர், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி ஆகிய ஆறு ஊர்களையும் தரிசிப்பதாகவும் ஒரு நிகழ்ச்சி நிரலைத் தயாரித்தான். தரங்கம்பாடிக்கு நாற்பது நிமிஷம். அதிலே கோட்டைக்கு இருபது, கோயிலுக்குப் பதினைந்து. மிச்சம் ஐந்து நிமிஷம் சமுத்திரத்துக்கு. வங்காள விரிகுடா முழுவதற்கும் ஐந்தே நிமிஷம்!

புறப்படும் சமயத்தில் வேனிலே ஏறிய சாமான்களை வர்ணிக்கப் புகுந்தால் கட்டுரை முடியாது. புளியோதரை, தயிர்சாதம், ஜமக்காளம், தலைவலித் தைலம் இவற்றையெல்லாம் நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் நான் ஆசையோடு எடுத்துவைத்திருந்த மடக்கு நாற்காலி இடமில்லை என்று இறக்கப்பட்டு, அந்த இடத்தில் அத்தையின் பெரிய தகர டின் ஒன்று ஏற்றப்பட்டதுதான் என்னைச் சற்றே வருத்தியது. அதற்குள்ளே முதல் நாள் பிழிந்து ஒரு வெயில் மட்டுமே கண்ட வடாம். இரண்டாம் வெயில் தவறினால் பூஞ்சைக் காளான் பிடித்துவிடும் என்றும், வீட்டில் காவலுக்கு ஆள் இல்லாதபடி எல்லாரையும் ஊர்சுற்றக் கிளப்பியவன் நான்தான் என்றும் அத்தை தீர்ப்புக் கூறினாள்.

பூம்புகாரையும் திருக்கடையூரையும் நாங்கள் பார்த்தோம் என்பதைவிட, அவை எங்களைப் பார்த்தன என்று சொல்வதே பொருந்தும். அதன்பின் வழிநெடுக இருமிக்கொண்டே வந்த வேன், 1792-இல் டேனியர் எழுப்பிய நகர வாயிலைக் கடந்து ராஜ வீதிக்குள் நுழைந்ததும், வரவேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று என்று தானே முடிவு செய்ததுபோல் நின்றுவிட்டது. மாயவரத்திலிருந்து ஏதோ ஓர் உறுப்பு வந்தாக வேண்டும், குறைந்தது மூன்று மணி நேரம் ஆகும் என்றார் டிரைவர். மைத்துனன் தன் நிகழ்ச்சி நிரலை ஒருமுறை பார்த்தான். மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அவனைத் தேற்றும் பொருட்டு நான் சரித்திரம் சொன்னேன். இலங்கையிலே வியாபாரம் செய்யும் சங்கற்பத்தோடு 1618-இல் கோபன்ஹேகனை விட்டுக் கப்பலில் புறப்பட்ட டேனியர் ஒன்றரை வருஷம் கடலில் அலைந்தபின், அங்கே எண்ணிய காரியம் பலிக்காமற்போகவே, தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-இல் உடன்படிக்கை செய்துகொண்டு இந்தத் தரங்கம்பாடியிலே கோட்டை கட்டினர். ஆகவே, வேறெங்கோ போக எண்ணிப் புறப்பட்டு இவ்வூரிலே சிக்கிக்கொள்வது நானூறு வருஷத்துச் சம்பிரதாயம் என்றும், அவர்கள் 1845-இல் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை, 225 வருஷம் இங்கேயே இருந்தார்கள் என்றும் எடுத்துக்காட்டினேன். "நமக்கு அவ்வளவு நேரம் இல்லை, அத்தான்" என்றான் அவன்.

கோட்டை மதிலுக்கு அப்பால் மணற்பரப்பைக் கண்டதும் அத்தையின் முகம் மலர்ந்தது. சித்திரை மாதத்து வெயில், தடுக்க ஒரு மரமில்லை, மாடிப்படி ஏறவேண்டிய அவசியமும் இல்லை. இப்பேர்ப்பட்ட மொட்டைமாடியை அவள் ஆயுளில் கண்டதில்லை. என் வேஷ்டி ஒன்று மணலில் விரிக்கப்பட்டது; நான்கு மூலைக்கும் கல் வைக்கப்பட்டது; வடாம் பரப்பப்பட்டது. குடையை என் கையில் கொடுத்து, "காக்கை வந்தால் ஓட்டு" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களை அழைத்துக்கொண்டு அத்தை கோயிலுக்குப் போய்விட்டாள். நான் காலியான டின்னைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் அமர்ந்தேன்.

பதினேழாம் நூற்றாண்டின் நடுவிலே, தாயகத்திலிருந்து ஒரு கப்பலும் இருபது வருஷத்துக்குமேல் வராமல், அதிகாரிகளெல்லாம் மாண்டும் போயும் ஒழிந்த பின்பு, கொங்ஸ்பாக்கே என்னும் சாமானியர் ஒருவர் தலையில் இந்தக் கோட்டையின் காவல் விழுந்தது. 1669-இல் கப்பல் வந்து சேரும்வரை அவர் அதைக் காத்து நின்றார். அவருடைய மனநிலையை அன்று நான் அறிந்தேன் என்றால் மிகையாகாது. அவருக்குப் பீரங்கி இருந்தது, எனக்குக் குடை. அவருடைய எதிரிகள் ஒரு காலிலே நின்று தலையைச் சாய்த்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஆனால் நடுப்பகலில், காக்கைகள்கூட வெயிலுக்கு அஞ்சி மதில் நிழலுக்குப் போய்விட்ட வேளையில், நான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். எதிரே கடல் இருந்தது. அலைகள் வந்தன, போயின. யாரும் என்னை ஒரு காரியமும் ஏவவில்லை. வேன் எப்பொழுது வரும் என்ற எண்ணமே எனக்கு அற்றுப்போயிருந்தது.

வேன் நான்கு மணிக்கு வந்தது. அத்தை ஒரு வடாத்தை எடுத்து ஒடித்துப் பார்த்தாள். அது ஒடியவில்லை, வளைந்தது.

"கடற்காற்றிலே ஈரம் இருக்கிறது, காயவில்லை. இங்கேயே தங்கி நாளைக்கும் ஒரு வெயில் காட்டினால் தேவலை" என்றாள்.

என் அறுபத்திரண்டு வயதில், அத்தையின் வார்த்தையை முழுமனத்தோடு நான் ஆமோதித்தது அன்றுதான்.