பஸ் இல்லையா தம்பி? நெடுவழி மிதிவண்டியர்பால் தொடுக்கப்படும் வினாக்களும் அவற்றின் விடையின்மையும்

ஒரே பகலில் 200 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டுகிறவனின் இதயத்துடிப்பைப் பற்றி எழுதியாயிற்று. முழங்காலைப் பற்றி எழுதியாயிற்று. அவன் எத்தனை வாழைப்பழம் தின்னலாம் என்பதுவரை எழுதியாயிற்று. ஆனால் டீக்கடைச் சுவரில் வண்டியைச் சாய்த்துவிட்டு, கையில் கிளாஸுடன் அவன் நிற்கும் அந்த நான்கு நிமிடத்தில் நடப்பதென்ன என்பதை ஆராய ஆளில்லை. இப்பெருங்குறையை இக்கட்டுரை போக்குகிறது.

முதலில் ஆய்வுப் பொருளின் வரலாறு. இவ்வகைப் பயணத்துக்குப் பெயர் பிரவே. பிரெஞ்சு மொழியில் சான்றிதழ் என்று பொருள். 1891-இல் பியர் ழிஃபார் என்ற பத்திரிகைக்காரர் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகரம் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் பந்தயம் ஒன்றை நடத்தினார். ஷார்ல் தெரோன் 71 மணி 22 நிமிடத்தில் முடித்து முதலில் வந்தார். 1897-இல் இத்தாலியர் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கிலோமீட்டரைப் பொழுது சாய்வதற்குள் மிதித்துக் கடந்தார்கள். லத்தீனில் ‘துணிந்தவர்’ எனப் பொருள்படும் ‘ஔடாக்ஸ்’ என்ற பெயர் அவர்களால் நிலைத்தது. பந்தயமாகப் பிறந்த பாரிஸ்-பிரெஸ்ட் இன்று நான்காண்டுக்கு ஒருமுறை, பரிசோ இடவரிசையோ இல்லாமல், 90 மணி நேர வரம்புக்குள் ஆயிரக்கணக்கானோர் ஓட்டும் பயணமாகிவிட்டது. அதன் நினைவாக 1910-இல் பிரெஞ்சுக்காரர்கள் சக்கர வடிவில் ஒரு பலகாரமும் செய்தார்கள். சக்கர வடிவப் பலகாரம் நம்மிடம் மெதுவடையாக ஏற்கெனவே இருந்தது. மிதிவண்டி வரும்வரை நாம் அதற்காகக் காத்திருக்கவில்லை என்பது மட்டும் இங்கே குறிக்கத்தக்கது.

அதே விதிகள்தாம் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. முதலாவதாக வந்தவனுக்கும் கடைசி நிமிடத்தில் வந்தவனுக்கும் ஒரே மரியாதை. பதக்கம் உண்டு, ஆனால் வேண்டுமென்றால் காசு கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி விதியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்க. மேலே வரப்போகும் துன்பங்களில் பெரும்பகுதி இதிலிருந்து கிளைப்பவை.

ஆய்வுச் சட்டகத்துக்கு வெளிநாடு போகவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்திருக்கிறது. அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. கியர் வண்டி வராத காலத்து நூலாயிற்றே, பொருந்துமா என்ற ஐயத்துடன்தான் ஒரு ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் சென்னையின் தென்கோடியிலிருந்து கிளம்பினேன். மரக்காணத்து உப்பளம்வரை போய்த் திரும்பும் 200.

ஆயத்தம் மூன்று மாதம் நடந்தது. சனிக்கிழமைதோறும் நாலரை மணிக்கு எழுந்து மாமல்லபுரம் போய் வந்தேன். மாற்று டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் வில்லைகள், கைப்பம்பு, முன்விளக்கு, பின்விளக்கு, ஒளிரும் மேல்சட்டை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கடலை மிட்டாய் எல்லாம் சேர்த்தேன். அடியில் மெத்தை வைத்துத் தைத்த கால்சட்டை ஒன்றும் வாங்கினேன். அதற்குள் வேறெதுவும் அணியலாகாது என்பது இத்துறையின் மறைபொருள்களுள் ஒன்று. விரித்துரைக்க இது இடமன்று. இவ்வளவும் செய்தவன் ஒரே ஒரு வரி விடையை மட்டும் தயார் செய்து எடுத்துப்போகவில்லை.

முதல் வினா மாமல்லபுரம் தாண்டிய கடையில் வந்தது. லாடம் அடித்த குதிரை மாதிரிச் செருப்புச் சத்தம், இறுக்கிப் பிடித்த உடை, தலையில் கவசம், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கடைக்காரர் என்னைப் பார்த்து, “வேர் ஃப்ரம்?” என்றார். நான், “மடிப்பாக்கம்ணே” என்றேன். அவர் முகத்தில் படர்ந்த ஏமாற்றத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. இது அறியா வினா. அடுத்த அறியா வினா, “இந்த வண்டி எவ்வளவு?” என்பது. இதற்கு உண்மை சொன்னவர் எவரையும் நான் கண்டதில்லை. வீட்டில் சொன்ன விலையே பாதி. கடையில் சொல்வது அதிலும் பாதி. இதற்கு நன்னூலில் தனி வகை இல்லாதது வியப்பே.

ஐய வினாதான் செழிப்பானது. “ரேஸா தம்பி, இல்ல வேண்டுதலா?” தைப்பூசத்தை ஒட்டிப் பச்சை உடுத்திப் பழனிக்கு நடப்பவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, விடியற்காலையில் ஒரே நிறச் சட்டையில் வரிசையாகத் தெற்கே போகிறவர்கள் வேறு யாராக இருக்க முடியும்? “ரேஸ் இல்லை” என்றால் “அப்போ வேண்டுதல்” என்பார்கள். “வேண்டுதலும் இல்லை” என்றால் வடைத் தட்டைச் சற்று உள்ளே தள்ளி வைப்பார்கள். ஆய்வு நெறிக்குப் புறம்பானதே என்றாலும், ஒரு கடையில் பரிசோதனைக்காக “வேண்டுதல்” என்று சொல்லிப் பார்த்தேன். உடனே ஸ்டூல் வந்தது. டீக்குக் காசு வேண்டாம் என்றார் கடைக்கார அக்கா. “எந்தக் கோயில்?” என்றார். மரக்காணத்தில் பூமீஸ்வரர் இருப்பது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. “அங்க இப்போ நடை சாத்தியிருப்பாங்களே?” என்றார் அக்கா. காசைக் கிளாஸுக்கு அடியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

இதற்கு முற்றிலும் மாறான ஒரு வினாவும் உண்டு. கட்டுப்பாட்டு நிலையங்களில் ஆள் இல்லாதபோது, அந்த ஊர் ஏடிஎம்மில் நேரம் அச்சிட்ட ரசீது எடுத்துக் காட்டினால் வந்து சேர்ந்ததற்குச் சான்று. ஏடிஎம் திரை என்னைப் பார்த்து, ரசீது வேண்டுமா என்று கேட்டது. அன்று முழுவதும் நான் தயங்காமல் ‘ஆம்’ என்று நேர் விடை கூறியது அந்த ஒன்றுக்குத்தான். மீதி எவ்வளவு என்று அது சொன்னதைப் பொருட்படுத்தவில்லை.

திரும்பும் வழிக்கு வருவோம். ஜனவரியில் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். போகும்போது முதுகைத் தள்ளிவிட்டதை எல்லோரும் தம் பயிற்சியின் பலன் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். வண்டியை வடக்கே திருப்பியதும் அது வாடை என்பது தெரியும். வாடைக்கு ‘நெடுநல்’ என்று அடைமொழி போட்ட நக்கீரர் அதை எதிர்த்து மிதித்தவர் அல்லர். அவரும் 188 அடியில் முடித்துக்கொண்டார். எனக்கு 100 கிலோமீட்டர் இருந்தது.

இந்தப் பாதியில்தான் எட்டாம் வேற்றுமை பற்றிய என் தனிக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. தூரம் ஏற ஏற விளி இறங்குகிறது. முப்பதாவது கிலோமீட்டரில் நான் ‘சார்’. எண்பதில் ‘அண்ணே’. நூற்றிருபதில், எனக்கு நாற்பத்தேழு வயதாகியும், என்னிலும் இளையவர் ஒருவர் ‘தம்பி’ என்றார். நூற்றைம்பதில் விளியே கிடையாது. “பாவம், யாரு பெத்த புள்ளையோ” என்று படர்க்கையில் பக்கத்துப் பெஞ்சிடம் சொன்னார்கள். இலக்கணத்தில் முன்னிலை படர்க்கையாவது மரணத்தின் போதுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நூற்றறுபதில் கொடை வினா வந்தது. காலியாக வந்த குட்டி யானை ஒன்று பக்கத்தில் வேகம் குறைத்தது. ஓட்டுநர் தலையை நீட்டி, “பின்னாடி இடம் இருக்கு, தூக்கிப் போட்டுக்கலாமா?” என்றார். உள்ளே தார்ப்பாய் விரித்திருந்தது. நிழலாகவும் இருந்தது. ஏறினால் சான்றிதழ் போச்சு, விதி அப்படி. “வேண்டாம்ணே, ஓட்டித்தான் போகணும்” என்றேன். “யாரு சொன்னா?” என்றார். பாரிஸில் ஒரு சங்கம் சொல்லியிருக்கிறது என்பதை அந்தக் காற்றில், அந்த மூச்சிரைப்பில், குட்டி யானையின் இன்ஜின் சத்தத்தில் எப்படி விளக்குவது? அவர் சிறிது தூரம் கூடவே வந்து, “பஸ் இல்லையா தம்பி?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இந்த வினாவை வகைப்படுத்துவதில் அறிஞரிடையே, அதாவது எனக்கும் என்னுடன் ஓட்டிய நண்பருக்கும் இடையே, கருத்து வேறுபாடு உண்டு. பஸ் இருப்பது கேட்டவருக்குத் தெரியும். எங்களை உரசிக்கொண்டு அப்போதுதான் ஒன்று போனது. ஆகவே அறிவினா என்றார் நண்பர். பேசாமல் பஸ் ஏறு என்று பொருள்படுவதால் ஏவல் வினா என்பது என் துணிபு. முப்பது கிலோமீட்டர் இதைப் பற்றியே வாதிட்டோம். அவ்வளவு தூரமும் வாடை தெரியவில்லை என்பதால், நெடுவழி மிதிவண்டியருக்கு நன்னூலைக் கடலை மிட்டாய்க்கு அடுத்தபடியாகப் பரிந்துரைக்கிறேன்.

இனி விடை. எட்டு விடையுள் சுட்டு, மறை, நேர் மூன்றும் வெளிப்படையானவை. மற்ற ஐந்தும் கேட்டதை விட்டு வேறெதையோ சொல்லிக் குறிப்பால் உணர்த்துபவை. மிதிவண்டிக்காரன் பிழைப்பது இந்த ஐந்தால்தான். அதிலும் உற்றது உரைத்தல், உறுவது கூறல் என்ற இரண்டுக்கும் பள்ளியில் கால்வலியையே எடுத்துக்காட்டாகப் படித்த நினைவு. ‘கால் வலிக்கிறது’ என்றால் உற்றது. ‘கால் வலிக்கும்’ என்றால் உறுவது. பத்தாம் வகுப்பில் இது மதிப்பெண்ணுக்காக என்று நினைத்துவிட்டேன்.

மாலை ஆறேமுக்காலுக்கு, நாற்பத்தைந்து நிமிடம் மிச்சம் வைத்து முடித்தேன். வீட்டுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினேன்.

“எத்தனாவதா வந்தீங்க?” என்றாள் மனைவி.

“அப்படியெல்லாம் கிடையாது.”

“பரிசு?”

“மெடல் உண்டு. காசு கட்டினா அனுப்புவாங்க.”

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. சாம்பாரைச் சூடு பண்ணப் போனவள் பாதியில் திரும்பி, “அப்புறம் எதுக்குங்க?” என்றாள். ஆறு வகையையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். எதிலும் அடங்கவில்லை.

“கால் வலிக்குது” என்றேன்.

“அடுத்த மாசம் முந்நூறாமே, உங்க ஃப்ரெண்டு சொன்னாரு. அதுக்கும் போவீங்களா?”

“கால் வலிக்கும்” என்றேன்.

அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். பதிவுக் கட்டணத்தை முந்தின வாரமே கட்டியிருந்தேன்.