இரண்டாவது சம்பளம்

1774 அக்டோபரில் கல்கத்தாவின் சாந்த்பால் படித்துறையில் நான்கு நீதிபதிகள் வந்து இறங்கினார்கள். தலைமை நீதிபதி எலைஜா இம்பே. கூட வந்தவர்கள் சேம்பர்ஸ், லெமெய்ஸ்டர், ஹைட். வேடிக்கை பார்க்கக் கூடிய ஜனங்கள் வெறுங்காலோடு நிற்பதைக் கண்டு, 'ஐயோ, கம்பெனிக்காரன் இவர்களை இப்படி உரித்துவிட்டானே' என்று ஒரு நீதிபதி உருகினாராம். ஆறு மாதத்துக்குள் எல்லோர் காலிலும் பூட்ஸ் மாட்டிவிடுவதாகச் சபதமும் எடுத்தாராம். கதைதான். ஆனால் வந்தவர்களின் சுபாவத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் அடித்த கொள்ளை லண்டனையே கூச வைத்ததால், 1773இல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் போட்டுக் கல்கத்தாவுக்கு சுப்ரீம் கோர்ட்டைக் கொடுத்தது. அதே சட்டம்தான் கவர்னர் ஜெனரலையும் அவருடைய கவுன்சிலையும் உட்கார வைத்தது. இருவரில் யார் பெரியவர் என்பதை மட்டும் தெளிவாக எழுதவில்லை. ஒரே பீரோவின் சாவியை மாமியாருக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டு, பார்லிமெண்ட் வேறு வேலை பார்க்கப் போய்விட்டது.

ஆரம்பத்தில் சண்டை இல்லை. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் இம்பேயும் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஹேஸ்டிங்ஸ் லஞ்சம் வாங்கினார் என்று 1775 மார்ச்சில் மகாராஜா நந்தகுமார் புகார் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவரே பழைய கள்ளப் பத்திர வழக்கு ஒன்றில் உள்ளே போனார். ஜூன் மாத வங்காள வெயிலில், தலையில் விக்கோடு வேர்வை வழிய, எட்டு நாளில் விசாரணையை முடித்தார்கள். ஆகஸ்ட் 5 அன்று தூக்கு. கள்ளக் கையெழுத்துக்குத் தூக்கு என்பது இங்கிலாந்துச் சட்டம். வங்காளத்து வழக்கம் அல்ல. பூட்ஸுக்கு முன்னால் கயிறு வந்து சேர்ந்தது.

சிநேகம் கெட்டது 1779இல், காசிஜோரா ராஜாவால். மேதினிபூர்ப் பக்கத்து ஜமீன்தார் அவர். காசிநாத் பாபு என்பவரிடம் கடன் வாங்கியிருந்தார். பாபு சுப்ரீம் கோர்ட்டில் பிராது போட, கோர்ட்டு ராஜாவுக்கு வாரண்ட் அனுப்பியது. ராஜா தலைமறைவு. கவுன்சிலோ, 'ஜமீன்தார்கள் உங்கள் அதிகாரத்துக்குள் வரமாட்டார்கள்' என்று கோர்ட்டுக்கு எதிராகக் கொடி பிடித்து, 'நீர் போக வேண்டாம்' என்று ராஜாவுக்கும் சொல்லி அனுப்பியது. நம் ஊர் அமீனாவாக இருந்தால் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு, மோர் குடித்துவிட்டுத் திரும்பியிருப்பார். இங்கேயோ கோர்ட்டு ஷெரிப்பின் ஆட்கள் ஆயுதம் தாங்கிய மாலுமிகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தப்புரத்தில் நுழைந்தார்கள். பூஜையறையும் தப்பவில்லை, சாமி விக்கிரகத்தைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு கூடையில் போட்டுவிட்டார்கள் என்று ராஜா தரப்பு முறையிட்டது. கடன் வாங்கியவர் ராஜா, ஜப்தி ஆனவர் சாமி!

ஹேஸ்டிங்ஸ் சிப்பாய்களை அனுப்பி, கைது செய்யப் போனவர்களையே கைது செய்தார். கோர்ட்டு சும்மா இருக்குமா? கம்பெனி வக்கீலைக் கோர்ட்டு அவமதிப்புக்காக உள்ளே தள்ளியது. காசிநாத் பாபு ஒரு படி மேலே போய்க் கவர்னர் ஜெனரல் மீதும் கவுன்சில் மெம்பர்கள் மீதும் கேஸ் போட்டார். 'நாங்கள் உத்தியோக முறையில் செய்த காரியம், வரமாட்டோம்' என்றார்கள் அவர்கள். என்ன நினைத்தாரோ, பாபு கேஸை வாபஸ் வாங்கிக்கொண்டார். ஒரு கைமாற்றுக் கடனுக்காக ராஜாங்கமே கவிழ இருந்தது.

சிப்பாய்களை வைத்து கோர்ட்டை எத்தனை நாளைக்குத் தடுப்பது? 1780 அக்டோபரில் ஹேஸ்டிங்ஸ் அதைவிட மலிவான வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். கம்பெனிக்கென்று சதர் திவானி அதாலத் என்று தனியாக ஓர் அப்பீல் கோர்ட்டு இருந்தது. அதற்கும் இம்பேயையே நீதிபதியாக உட்கார வைத்தார். மாதம் 5,000 ரூபாய். கவுன்சில் நினைத்தால் கொடுக்கும், நினைத்தால் பிடுங்கும். இங்கிலாந்து ராஜா கொடுத்த வேலைக்கு வருஷம் 8,000 பவுன் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. அரைக்காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம் என்பார்கள். இங்கே அரண்மனை உத்தியோகஸ்தரே கம்பெனி உத்தியோகத்துக்குக் கையெழுத்துப் போட்டார். சண்டை அதோடு படுத்துவிட்டது.

இம்பேக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். புதிய வேலையில் அவர் தூங்கவில்லை. உட்கார்ந்து விதிமுறைகளெல்லாம் எழுதினார். அந்தப் பணத்தையும் பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் லண்டனில் யாரும் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. 1781இல் வேறொரு சட்டம் வந்து, உத்தியோக முறையில் செய்த காரியங்களுக்குக் கவர்னர் ஜெனரலும் கவுன்சிலும் கோர்ட்டுக்கு வர வேண்டாம் என்றது. சாவி ஒருவழியாக மாமியார் இடுப்புக்கே போய்ச் சேர்ந்தது. மறுவருஷம், அந்த இரண்டாவது உத்தியோகத்தை ஏற்றதற்காக, 'திரும்பி வா' என்று காமன்ஸ் சபை இம்பேக்கு ஓலை விட்டது. ஊர் போனவர் மேல் குற்றச்சாட்டு கொண்டுவரப் பார்த்தார்கள். 1788இல் அதுவும் தோற்றது. இரண்டே வருஷத்தில் மனிதர் அதே காமன்ஸ் சபையில் மெம்பராகப் போய் உட்கார்ந்தார்.

கல்கத்தாவில் அவர் பங்களாவைச் சுற்றி ஒரு மான் பூங்கா வைத்திருந்தார். பார்க் ஸ்ட்ரீட்டுக்கு அந்தப் பெயர் வந்தது அதனால்தான். இப்போது அங்கே மான் இல்லை, ஹோட்டல்கள் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் சமயத்தில் போனால் உட்கார இடம் கிடைக்காது.