தாக்கோ தாத்தா

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், மில்வாக்கி நகரம். விளையாட்டுச் சாமான் கடை ஒன்றின் பின்னறையில் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் உருளைக்கிழங்கு வறுவல், இருபது முகப் பகடைகள். அப்போது அவர் வருவார். அறுபது வயது, வெள்ளைத் தாடி, தோளில் துணிப்பை. பையிலிருந்து 1978-இல் அச்சான விதிப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைப்பார். அங்கே நடப்பது 2024 பதிப்பு ஆட்டம் என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் வைப்பார், ஓட்டலுக்குப் போனாலும் வீட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைக்கிறவர் மாதிரி.

ஆட்டத்தின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் அந்தக் கதைக்குள் புகுந்து கொள்வார்கள். வெட்டியது பட்டதா, பூட்டு திறந்ததா என்பதைப் பகடை சொல்லும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதியது. 1974-இல் இதே மாநிலத்து லேக் ஜெனீவா ஊரிலிருந்து ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்களாக வெளிவந்தது. முதலில் அடித்தது ஆயிரம் பெட்டி. துணிப்பையில் வருகிற 1978 புத்தகத்துக்குப் பிறகும் விதிகளைத் திருத்தித் திருத்தி 1989, 2000, 2008, 2014, 2024 என்று புத்தகங்கள் வந்தபடி இருக்கின்றன. ஒவ்வொன்றும் நம்மவருக்கு ஒரு புது வயிற்றெரிச்சல்.

1989-இல் வந்தது இரண்டாம் பதிப்பு. இந்த விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தானிடம் கொண்டு போய்ச் சேர்க்கிறது என்று அதற்கு முன் சில ஆண்டுகளாக ஒரே கூச்சல். வெளியிட்டவர்கள் பேய்களைப் புத்தகத்திலிருந்து கிளப்பிவிட்டு, பிற்பாடு தனாரி, பாட்டெசு என்று பெயர் மாற்றி உள்ளே விட்டார்கள். பேய்க்குமா புனைபெயர் என்று கொதித்தார் நம்மவர். கூடவே தாக்கோ என்ற கணக்கையும் பிடித்துத் திட்டினார். நம் காதுக்கு அது ‘தாக்கு’ என்றே கேட்கும். விவகாரமும் தாக்குவது பற்றியதுதான். அந்தக் காலத்தில் கவசத்துக்குக் கொடுக்கும் எண் குறையக் குறையக் கவசம் வலுக்கும். பத்து என்றால் வெற்றுடம்பு. பூச்சியத்துக்குக் கீழே இறங்கினால் இரும்புக் கோட்டை. பூச்சியக் கவசக்காரனை அடிக்கப் பகடையில் எவ்வளவு விழவேண்டுமோ அதுதான் தாக்கோ. அதிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழிக்க வேண்டும். எதிரியின் எண் மைனஸில் இருந்தால் கழித்தல் கூட்டலாகிவிடும். எதிரே பூதம் வாயைப் பிளந்து நிற்கையில் எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் ஞாபகத்துக்கு வருவார்.

2000-இல் மூன்றாம் பதிப்பு இதைத் தலைகீழாக்கியது. எண் கூடினால் கவசமும் கூடும். குழந்தைக்கும் புரியும். புரிகிறதே என்பதுதான் நம்மவரின் புகார். பதினோரு வருஷம் திட்டித் தீர்த்த தாக்கோவுக்காக அன்றைக்கு அவர் அழாத குறை. புது மருமகள் வந்த பிறகுதானே பழைய மருமகளின் கைமணம் மாமியாருக்குத் தெரிகிறது? நான் அவருக்குத் தாக்கோ தாத்தா என்று பட்டப்பெயர் வைத்ததும் அதனால்தான். இன்னொரு குறையும் உண்டு. அதுவரை திருடன் என்றிருந்த பாத்திரத்தைப் போக்கிரி என்று மாற்றிவிட்டார்கள். “திருடன் என்பது தொழில். போக்கிரி என்பது வசவு” என்பார். 1979-இலிருந்து ஒரே திருடனை ஆடிவருகிறவருக்கு இது மானப் பிரச்சினை.

ஆனால் சண்டை என்றால் 2008 சண்டைதான். நான்காம் பதிப்பில் எல்லாருடைய வித்தைகளையும் ‘எப்போதும் செய்யலாம்’, ‘சண்டைக்கு ஒருமுறை’, ‘நாளுக்கு ஒருமுறை’ என்று மருந்துச் சீட்டுப் போல் பிரித்து எழுதினார்கள். கம்ப்யூட்டர் கேம் ஆக்கிவிட்டார்கள் என்று ஊரே கத்தியது. நோம் என்கிற குள்ளர் இனத்தை ஆட்டக்காரர் புத்தகத்திலிருந்து எடுத்து அரக்கர் புத்தகத்தில் போட்டார்கள். மூன்றாம் பதிப்புப் பிரியர்கள் தனிக்குடித்தனமே போய்விட்டார்கள். அந்தப் பதிப்பின் உரிமம் யாரும் விதிகளை எடுத்தாள இடம் கொடுத்திருந்ததால், பழைய வீட்டுப் பாத்திரம் பண்டத்தோடு 2009-இல் பாத்ஃபைண்டர் என்று வேறு அடுப்பு மூட்டினார்கள். நம்மவரோ, எட்டு வருஷமாகத் தான் வைத மூன்றாம் பதிப்புக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தார். கைகாக்ஸ் 2008 மார்ச்சில் காலமானார். நான்காம் பதிப்பு ஜூனில் வந்தது. “பார்க்காமல் போனார், கொடுத்துவைத்தவர்” என்று இதுவரை நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

2014 பதிப்பில் அவருக்குத் தாங்காதது தூக்கம். “டிராகன் கடித்துக் குதறியவன் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் உடம்பு புதுசாகிவிடுமாம். எங்கள் காலத்தில் முழுநாள் ஓய்வெடுத்தால் ஒரே ஒரு புள்ளி ஏறும்!” ஆஸ்பத்திரியில் நாள் கணக்காகப் படுத்திருந்ததை இவ்வளவு பெருமையாகச் சொல்லும் மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒருநாள் அவர் காபி வாங்கப் போனபோது அந்த 1978 புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். மந்திரப் பக்கங்களில் எண்ணெய்க் கறை, ஓரமெல்லாம் ஒட்டுத்தாள். எந்த ஆயுதத்துக்கு எந்தக் கவசத்தின்மேல் எவ்வளவு கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்று ஒரு பெரிய அட்டவணை உண்டு. அந்தப் பக்கம் மட்டும் அச்சகத்திலிருந்து வந்த மேனிக்குப் பளபளவென்று இருந்தது. விரல் பட்ட தடமே இல்லை. திரும்பி வந்தவரிடம் கேட்டதற்கு, “அதை யார் ஐயா பார்த்தார்கள்?” என்றார். பெண் பாத்திரத்தின் உடல்பலத்துக்கு உச்சவரம்பு வைத்த அட்டவணையும் அதே புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் மேசையில் வீராங்கனையாக ஆடும் பெண் அதைச் சுட்டிக் காட்டினால் அவருக்கு இருமல் வந்துவிடும்.

மாதம் ஒருமுறை எழுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் வருவார். அன்று நம்மவர் வாயைத் திறக்க மாட்டார். வந்தவர் 1978 புத்தகத்தை ஏதோ நேற்றுப் பிறந்த குழந்தை போலப் பார்ப்பார். 1974 பெட்டியில் வீரன், மந்திரவாதி, பூசாரி என்று மூன்றே பேர். கத்தியோ கோடரியோ, எதனால் அடித்தாலும் சாதாரண ஆறுமுகப் பகடைதான். மறுவருஷம் வந்த இணைப்புப் புத்தகத்தில்தான் திருடன் முளைத்தான். “திருடன் என்றைக்கு உள்ளே நுழைந்தானோ அன்றைக்கே எல்லாம் கெட்டுப்போயிற்று” என்றார் போன மாதம். நம்மவர் தன் ஈயத் திருடன் பொம்மையை மெல்லத் துணிப்பைக்குள் தள்ளிக்கொண்டார்.

எங்களோடு ஆடும் பையனுக்கு இருபத்தெட்டு வயது. 2014 பதிப்பில் பழகியவன். பாலடின் என்ற புனித வீரனாக ஆடுவான். தெய்வ பலத்தைச் சேர்த்து அடிக்கும் அடியை அதில் ஒரே முறையில் எத்தனை வெட்டு பட்டாலும் சேர்க்கலாம். 2024-இல் அதை மந்திரமாக்கி, முறைக்கு ஒன்று என்று அளந்துவிட்டார்கள். போன வாரம் அவன் பகடையை மேசையில் போட்டுவிட்டு முணுமுணுத்தான்: “2014-இல் இப்படி இல்லை.”

மேசை அமைதியானது. நம்மவர் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு, வறுவல் தட்டை நகர்த்தி வைத்தார். இந்த வாரம் அந்தப் பையன் தோளிலும் ஒரு துணிப்பை.

எங்கள் மேசையில் இன்னும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. வாருங்கள். பகடை கடையிலேயே கிடைக்கும். எந்தப் பதிப்பு நல்லது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒன்பது மணிக்குக் கடை அடைத்துவிடுவார்கள்.