சர்வ ஹார்மோன் நிவாரணி

அமெரிக்காவில் ஏதோ ஒரு நகரம். வீட்டு மாடியறையில் டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். எதிரே நோயாளி இல்லை, கேமரா இருக்கிறது. எம்.டி. பட்டம் அசல்தான். அது கண்ணுக்கா, எலும்புக்கா என்பது மட்டும் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும்.

"காலையில் எழுந்தால் சோர்வாக இருக்கிறதா?" என்று ஆரம்பிப்பார். யாருக்குத்தான் இல்லை? தொப்பை விழுகிறதா, தூக்கம் வரவில்லையா, பெயர்கள் மறந்துபோகின்றனவா? ஆம் என்றால் உங்களுக்கு ஹார்மோன் குறைந்துவிட்டது. இல்லை என்றால் இனிமேல் குறையும். இரண்டுக்கும் ஒரே பாட்டில். கார்டிலிருந்து மாதாமாதம் பணம் தானாகப் போய்விடும். அதை நிறுத்தும் பொத்தான் எங்கே என்று தேடுவதுதான் ஞாபகசக்திக்கு உண்மையான பரீட்சை.

பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் டி.எச்.இ.ஏ. அட்ரினல் சுரப்பியில் ஊறுவது. அதைக்கொண்டுதான் உடம்பு ஆண், பெண் ஹார்மோன்களைச் செய்துகொள்கிறது. 1985-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைக் கடையில் விற்கக் கூடாது என்றது. 1994-ல் துணை உணவுகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. நேற்றுவரை மருந்தாக இருந்தது உணவாகிக் கடைக்குத் திரும்பிவிட்டது. மருந்தென்றால் பலனை முதலில் நிரூபிக்க வேண்டும். உணவுக்கு அந்தத் தொல்லை இல்லை. மேயோ கிளினிக்கில் ஸ்ரீகுமாரன் நாயர் குழுவினர் முதியவர்களுக்கு இரண்டு வருடம் இதைக் கொடுத்துப் பார்த்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். முதுமை அசையவில்லை. சில பெண்களுக்கு இதனால் முகப்பருவும் மீசையும் வருவதுண்டு. பதினாறு வயது திரும்பி வரும் என்றார்கள். பரு மட்டும் வந்தது.

அடுத்த அலமாரியில் வளர்ச்சி ஹார்மோன் ஸ்பிரே. 1990-ல் டேனியல் ருட்மன் என்பவர் அறுபது தாண்டிய 12 ஆண்களுக்கு இந்த ஹார்மோனை ஊசியில் ஆறு மாதம் கொடுத்தார். தசை கூடியது, கொழுப்பு குறைந்தது. அந்தக் கட்டுரையை வியாபாரிகள் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2003-ல் அலுத்துப்போய்க் கண்டனம் எழுதியது. ஊசியில் போட்டதைத்தான் நம்மவர் வாயில் பீச்சச் சொல்கிறார். அது 191 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். விழுங்கினால் வயிற்றுக்கு அதுவும் துவரம்பருப்பும் ஒன்றுதான்.

வேலை செய்யாத சரக்கு பர்ஸுக்கு மட்டும்தான் ஆபத்து. வேலை செய்யும் சரக்கும் உண்டு. 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 'தைராய்டுக்குத் துணை' என்று விற்ற பத்துச் சரக்குகளைச் சோதித்தார்கள். ஒன்பதில் நிஜ தைராய்டு ஹார்மோனே இருந்தது. தெரியாமல் விழுங்குபவருக்கு நெஞ்சு படபடக்கும்.

டாக்டர் பேச்சில் கெட்டிக்காரர். 'குணமாகும்' என்று மட்டும் சொல்லவே மாட்டார். சொன்னால் சட்டம் வரும். 'துணை நிற்கும்', 'சமன்படுத்தும்'. எதற்குத் துணை, எதோடு சமன் என்று கேட்டால் அடுத்த வீடியோவில் பதில்.

இது பரம்பரைத் தொழில். கான்சாஸ் மாநிலத்து மில்ஃபோர்டில் ஜான் பிரிங்க்லி ஆண்களுக்கு ஆட்டு விதையைப் பொருத்திக் காசு பார்த்தார். சொந்த வானொலி வைத்து, நேயர்களின் கடிதங்களைப் படித்து, முகம் பாராமலே எண் போட்ட மருந்துகளை எழுதினார். மருந்துக் கடைக்காரர்கள் கமிஷன் அனுப்பினார்கள். 1930-ல் லைசென்ஸ் பறிபோனது. மனிதர் அசரவில்லை, அதே வருடம் கவர்னர் தேர்தலில் நின்று ஏராளமான வாக்கு வாங்கினார், பிறகு மெக்சிகோ எல்லைக்கு அப்பால் இன்னும் பெரிய வானொலி தொடங்கினார். அவருக்கும் மூத்தவர் பாரிஸின் பிரௌன்-செக்கார். 1889-ல், 72 வயதில், நாய், கினிப்பன்றி விதைச் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தார். ஆனால் சாற்றை மற்ற டாக்டர்களுக்கு இலவசமாக அனுப்பினார். வம்சத்துக்கே அவமானம்.

படபடப்பு வந்த வாடிக்கையாளர் ஒருவர் டாக்டருக்கு எழுதுகிறார் என்று வையுங்கள். நொடியில் தானியங்கிப் பதில் வரும்: "தயவுசெய்து உங்கள் டாக்டரைப் பாருங்கள்." அதற்குக் கீழே, அடுத்த பாட்டிலுக்குத் தள்ளுபடிக் கூப்பன்.