வண்ணம் பூச எந்தக் கருவி?

கேள்வி: நிரல் வரிகளை இணையத்தில் பகிரும்போது வண்ணம் பூசித் தரும் கருவிகளில் எதை நம்பலாம்: ஹைலைட்.ஜேஎஸ், பிரிஸம், பிக்மென்ட்ஸ்?

பதில்: என் ஓட்டு பிக்மென்ட்ஸுக்கு. 2006-இல் பைத்தானில் எழுதப்பட்டு வெளிவந்த இந்தக் கருவிக்கு இன்று 500-க்கும் மேற்பட்ட மொழிகள் தெரியும். ஆனால் நான் பார்ப்பது எண்ணிக்கையை அல்ல, வேளையை. பக்கம் வெளியாகும் முன்பே வண்ணம் பூசி முடித்துவிடுகிறது. மற்ற இரண்டும் பெரும்பாலும் படிப்பவரின் பிரௌசரில்தான் வேலையைத் தொடங்குகின்றன. இலை போட்ட பிறகு அடுப்பு மூட்டுவது போல. அவற்றையும் சர்வரிலேயே ஓட்டலாமே என்பீர்கள். தாராளமாக ஓட்டலாம், அப்படிச் செய்தால் என் ஆட்சேபம் பாதி கரைந்துவிடும்.

மொழியைத் தானே கண்டுபிடிப்பது ஹைலைட்.ஜேஎஸ்ஸின் தனிச் சிறப்பாயிற்றே என்றும் கேட்கலாம். நீண்ட நிரலில் அது கைகொடுக்கும். ஆனால் நாம் பகிர்வது பெரும்பாலும் நாலைந்து வரிதான். அவை சி-யாகவும் இருக்கலாம், ஜாவாவாகவும் இருக்கலாம். மொழியின் பெயரை நாமே எழுதிக் கொடுக்க ஒரு நொடி போதும். பிரிஸம் அதைத்தான் கேட்கிறது, அது நல்ல பழக்கம்.

நிரலைப் படமாக்கிப் பகிர்வதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. படத்தில் உள்ள பூவைத் தொடுக்க முடியுமா? நகலெடுக்க முடியாது, தேட முடியாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் ஊமையாகிவிடும். எந்தக் கருவியானாலும், குறிப்புரைகளுக்கு வெளிறிய சாம்பல் நிறம் கொடுக்கும் வண்ணத் திட்டத்தை மாற்றிவிடுங்கள்; நிரலை விளக்கும் வரிகளே அவைதானே.